ஒரே நகரம், ஐந்து எண்கள்: வீடற்றோர் கணக்கெடுப்பை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

தில்லியில் தெருவில் படுப்பவர்கள் எத்தனை பேர்? 2000ல் ஆஷ்ரய் அதிகார் அபியான் என்ற அமைப்பு இரவில் போய்த் தலை எண்ணி 52,765 என்றது. அடுத்த வருடமே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 24,966 என்றது. 2008ல் ஒரு தொண்டு நிறுவனம் எண்ணியபோது 88,410. 2011 சென்சஸில் 46,724. 2014ல் தில்லி அரசின் குடிசை மேம்பாட்டு வாரியத்தின் கணக்கில் 16,760.

இப்படி ஏறி இறங்கும் அளவுக்கு அங்கே திடீரென்று வீடுகள் முளைக்கவும் இல்லை, இடியவும் இல்லை. மாறியது எண்ணியவர்கள், எண்ணிய இரவு, யாரை எண்ணுவது என்ற விதி.

இந்த மாதிரி எண்களை எழுத வேண்டியிருக்கும் நிருபர், ஆய்வு மாணவர், கணக்கெடுப்புக்குத் தெருவில் இறங்கப்போகும் தன்னார்வலர், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் எல்லோரும் முதலில் கேட்பது, “அந்த ஜனங்க சொல்றதை எல்லாம் நம்ப முடியுமா சார்?” என்பதுதான். நான் சில வருடம் சென்னையில் படிவமும் கையுமாக அலைந்தவன். பதில் சொன்னவர்களின் வாயில் கண்ட பிழையைவிட, நாங்கள் கொண்டுபோன தாளில் கண்ட பிழைதான் அதிகம். அதனால் இங்கே எண்ணியவரைத்தான் முதலில் சோதிப்போம். பதில் சொன்னவரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

படி 1: யாரை எண்ணினார்கள் என்று பாருங்கள்

ஒரு எண் கையில் வந்தால், முதலில் அறிக்கையின் பின்பக்கத்துக்குப் போய் வரையறையைப் படியுங்கள். நம் சென்சஸின் வரையறை, கட்டடம் எதிலும் வசிக்காமல் திறந்தவெளியில் இருப்பவர்களைப் பற்றியது: சாலையோரம், நடைபாதை, ஹியூம் பைப் என்னும் பெரிய சிமெண்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படிக்குக் கீழே, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம். இதன்படி 2011ல் நாடு முழுக்க சுமார் 17.73 லட்சம் பேர். 2001ல் 19.44 லட்சம். மொத்தத்தைப் பார்த்தால் குறைந்த மாதிரி இருக்கும். பிரித்துப் பாருங்கள்: கிராமத்தில் 11.65 லட்சம் 8.35 லட்சமாக இறங்கியிருக்கிறது, நகரத்தில் 7.79 லட்சம் 9.38 லட்சமாக ஏறியிருக்கிறது. மொத்த எண்ணை மட்டும் தலைப்பில் போட்டால் நகரத்தில் நடந்தது மறைந்துபோகும்.

வரையறை தாளில் தெளிவாகத்தான் இருக்கும். தெருவுக்கு வந்தால்தான் குழப்பம். நடைபாதைச் சுவரில் ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் இரண்டு கழி நட்டு, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். இது வீடா, திறந்தவெளியா? படிவம் வைத்திருப்பவர் அந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவுதான் இதற்கு விடை. அதே தெருவில் இன்னொருவர் வேறு மாதிரி முடிவெடுப்பார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு அம்மாவிடம் போய், மனப்பாடம் செய்த மாதிரியே, “வீடில்லாதவங்களைப் பத்திக் கணக்கு எடுக்கறோம்மா” என்றேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். “இதோ பார் தம்பி, என் மாமியாரு அடுப்பு வச்ச எடம் இது. எங்களைப் போய் வீடில்லாதவங்கன்றியே? வேற ஆளைப் பாரு.” அந்தக் குடும்பத்தில் ஆறு பேர். அன்றைய என் படிவத்தில் அவர்கள் ‘மறுத்தார்’ என்று பதிவானார்கள். மறுத்தது அவர்கள் இல்லை, நான் கொண்டுபோன சொல்தான் அவர்களுக்குப் பொருந்தவில்லை. அடுத்த தெருவில் “பிளாட்பாரத்துல இருக்கற குடும்பங்களைப் பாக்க வந்தோம்” என்று ஆரம்பித்தேன். உட்காரப் பாய் போட்டார்கள்.

வெளிநாட்டு எண்ணோடு ஒப்பிடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 2024 ஜனவரிக் கணக்கில் 7,71,480 பேர். அதில் காப்பகத்தில் படுப்பவர்களும் சேர்த்தி, உண்மையில் அவர்கள்தான் பாதிக்கு மேல். நம் சென்சஸ் வரையறையோ திறந்தவெளியோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “அமெரிக்காவை விட நாம் எவ்வளவோ மேல்” என்று எழுதிய கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன்.

படி 2: எந்த இரவு என்று கேளுங்கள்

2011ல் நம் வீடுகளுக்கு எல்லாம் கணக்கெடுப்பாளர் பிப்ரவரி 9 முதல் 28 வரை எந்த நாளிலும் வந்திருக்கலாம். வீடில்லாதவர்களுக்கு ஒரே இரவுதான், பிப்ரவரி 28. இன்று இங்கே, நாளை அங்கே என்று படுப்பவர்களை இரண்டு முறை எண்ணிவிடக்கூடாது என்பதற்காக அப்படி. காரணம் நியாயமானதுதான். விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கோயம்பேட்டில் லாரி வந்து இறங்கும் நேரம் நள்ளிரவுக்குப் பிறகு. அங்கே மூட்டை தூக்குகிறவர் விடியும்வரை வேலையில் இருப்பார், வெயில் ஏறிய பிறகு கடை மறைவில் படுப்பார். இரவுக் கணக்கு அவரைப் பார்க்கும்போது அவர் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு கூலிக்காரர், அவ்வளவுதான்.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். தனியாக இருக்கும் பெண், யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடித்தான் இரவில் படுப்பார். கணக்கெடுப்பவருக்கு வேண்டியது கண்ணில் படுகிற இடம். ஆகவே ‘வீடற்றோரில் பெண்கள் இத்தனை சதவீதம்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும், உண்மை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே இரவு எண்ணுவதில் இன்னொரு கோளாறு உண்டு. அது எண்ணிக்கையோடு நிற்காமல், ‘வீடற்றவர் என்றால் எப்படிப்பட்டவர்’ என்ற படத்தையே மாற்றிவிடும். 100 படுக்கை உள்ள ஒரு காப்பகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 50 படுக்கையில் வருடம் முழுக்க அதே ஆட்கள். மற்ற 50 படுக்கையில் மாதம் ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். ஏதோ ஒரு இரவு போய் எண்ணினால், பாதிப் பேர் நீண்டநாள் வீடில்லாதவர்கள் என்று வரும். வருடக் கணக்கில் பார்த்தால் அந்தக் காப்பகத்துக்கு வந்தவர்கள் 50 கூட்டல் 600, ஆக 650 பேர். நீண்டநாள் இருப்பவர்கள் அதில் எட்டு சதவீதம்கூட இல்லை. இரண்டு விடையும் சரிதான், கேள்விதான் வேறு. டென்னிஸ் கல்ஹேன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் நியூயார்க்கின் காப்பகப் பதிவேடுகளைக் கணினியில் கோத்துப் பார்த்தபோது, ஐந்து ஆண்டுக்குள் அந்த நகர மக்களில் 3 சதவீதத்துக்கு மேல் ஒருமுறையாவது காப்பகத்துக்கு வந்துபோனது தெரிந்தது. ஓரிரவுக் கணக்கு எதிலும் தெரியாத அளவு அது.

‘இத்தனை பேர் வீடற்றவர்கள்’ என்ற வாக்கியத்தில் ‘அன்று இரவு’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

படி 3: கண்ணில் தப்பியவர்களைக் கணக்கிடுங்கள்

விட்டுப்போனவர்களை எப்படி எண்ணுவது? அவர்கள்தான் பார்க்கப்படவே இல்லையே. இதற்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, மாறுவேடம். 1990 சென்சஸின்போதே அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் ஆய்வாளர்கள் ஆட்களைத் தெருவில் உட்காரவைத்து, கணக்கெடுப்பவர் அவர்களைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்த்தார்கள். 2005ல் நியூயார்க்கில் இதையே ஒழுங்காகச் செய்தார்கள். வேடமிட்டு உட்கார்ந்தவர்களில் 17 இடங்களில் இருந்தவர்கள், ‘எங்களிடம் யாருமே வரவில்லை’ என்றார்கள். அப்படி ஆட்களை உட்காரவைத்த மொத்த இடங்களில் அது 29 சதவீதம். கணக்கு முடிந்ததும் இலவச உணவு தரும் இடங்களில் 293 பேரைப் பிடித்து ‘அன்று இரவு எங்கே படுத்தீர்கள்’ என்று கேட்டதில், 31 முதல் 41 சதவீதம் பேர் எண்ணுபவர் கண்ணுக்கே எட்டாத இடத்தில் இருந்திருக்கிறார்கள். பயிற்சியும் பணமும் வரைபடமும் இருந்த நகரத்தில் இந்த நிலை.

இரண்டாவது வழி மீன் கணக்கிலிருந்து வந்தது. குளத்தில் வலை வீசி வந்த மீன்களுக்கெல்லாம் ஒரு குறி போட்டு விட்டுவிடுவது, சில நாள் கழித்து மறுபடி வீசி, வந்ததில் எத்தனை குறி போட்டது என்று பார்ப்பது. இதையே தெருவில் செய்யலாம். முதல் இரவு 60 பேரைப் பார்த்தீர்கள். ஒரு வாரம் கழித்து வேறு குழு 50 பேரைப் பார்க்கிறது. இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் 20. கணக்கு: 60 பெருக்கல் 50, வகுத்தல் 20, ஆக 150 பேர். நீங்கள் நேரில் பார்த்தது மொத்தம் 90 பேரைத்தான். மீதி 60 பேர் அங்கே இருக்கிறார்கள், உங்கள் வலையில் விழவில்லை.

ஆட்களுக்குக் குறி போட முடியாது, போடவும் கூடாது. ஆதார் எண் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் தெரு காலியாகிவிடும். பெயரின் முதல் எழுத்து, அம்மா பெயரின் முதல் எழுத்து, சொந்த மாவட்டம், சுமாரான வயது, இந்த நான்கும் சேர்ந்தால் இருவரைப் பிரித்தறியப் பெரும்பாலும் போதும்.

இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சிரித்துப் பேசுகிறவரை இரண்டு குழுவும் தேடிப்போய்ப் பேசும், அதனால் இரண்டு பட்டியலிலும் வரும் பொது ஆட்கள் கூடி, மொத்த மதிப்பீடு உண்மையைவிடக் குறையும். நடுவில் போலீஸ் வந்து ஒரு தெருவைக் கிளப்பிவிட்டிருந்தால் இதுவே தலைகீழாகும்: பொது ஆட்கள் குறைவார்கள், மதிப்பீடு ஊதிப்பெருக்கும். அந்த வாரம் தெருவில் என்ன நடந்தது என்று தெரியாதவர் இந்தக் கணக்கைப் போடக்கூடாது என்பது என் கட்சி.

படி 4: கேள்வியை நாக்கில் போட்டுப் பாருங்கள்

இப்போதுதான் பதில் சொன்னவரிடம் வருகிறோம்.

2019ல் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “எத்தனை வருஷமா ஐயா பிளாட்பாரத்துல படுக்கறீங்க?”

“அது ஆச்சுப்பா, ஒரு பத்து வருஷம்.”

படிவத்தில் 10 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். கூட வந்த அக்கா விடவில்லை. “பெருவெள்ளம் வந்துச்சே, அப்ப எங்க இருந்தீங்க ஐயா?”

“அப்ப வியாசர்பாடில வாடகைக்கு இருந்தோம்மா. தண்ணி வந்து சாமானெல்லாம் போச்சு. அதுக்கப்பறம் மச்சான் வீட்ல கொஞ்ச நாள். ஒத்து வரல.”

“வர்தா புயல்ல?”

“அப்ப இங்கதான். அதோ அந்த மரம் விழுந்துச்சு பாரு, அதுக்கு இந்தாண்ட படுத்திருந்தேன்.”

பெருவெள்ளம் 2015 டிசம்பர், வர்தா 2016 டிசம்பர். அந்த இடைவெளியில்தான் அவர் தெருவுக்கு வந்திருக்கிறார். ஆக மூன்று வருடம், கூடிப்போனால் மூன்றரை. அவர் பொய் சொல்லவில்லை. ‘பத்து வருஷம்’ என்றால் ‘ரொம்ப நாள்’ என்று அர்த்தம். நாம்தான் அதை எண்ணாக எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்காட்டியை முன்னால் விரித்து, பண்டிகை, பிறந்தநாள், ஆஸ்பத்திரி, சிறை என்று தெரிந்த நாட்களை முதலில் குறித்து, அவற்றுக்கு இடையே ‘எங்கே படுத்தீர்கள்’ என்று பின்னோக்கி நிரப்பிக்கொண்டு போவது. நமக்குச் சுனாமி, பெருவெள்ளம், வர்தா, கொரோனா ஊரடங்கு என்று ஊரே சேர்ந்து நினைவு வைத்திருக்கும் நாட்கள் இருக்கின்றன. மனப்பாடமாகத் தேதிகளை எடுத்துப்போங்கள்.

வருமானக் கேள்வியும் இப்படித்தான். ‘மாத வருமானம் எவ்வளவு’ என்று கேட்பது மாதச் சம்பளம் வாங்குகிறவர் எழுதிய கேள்வி. நேற்று என்ன வேலை கிடைத்தது, கையில் எவ்வளவு வந்தது, இந்த வாரம் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். பெருக்கலை நீங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம்.

சிலவற்றுக்கு நேர்ப்பதில் வராது, வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. தமிழ்நாட்டில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவனிடம் ‘பிச்சை எடுக்கிறேன்’ என்று யார் சொல்வார்கள்?

படி 5: திரும்பக் கேளுங்கள்

நம்பகத்தன்மை என்ற சொல்லுக்கு ஆய்வுலகில் இருக்கும் முதல் பொருள், அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேட்டால் அதே பதில் வருகிறதா என்பதுதான். எல்லோரிடமும் வேண்டாம். பத்தில் ஒருவரிடம், ஒரு வாரம் கழித்து, வேறு ஆளை விட்டுக் கேளுங்கள்.

40 பேரிடம் ‘ரேஷன் கார்டு இருக்கா’ என்று இரண்டு முறை கேட்டதாக வைத்துக்கொள்வோம். 24 பேர் இரண்டு தடவையும் இருக்கு என்றார்கள், 8 பேர் இரண்டு தடவையும் இல்லை என்றார்கள். 4 பேர் முதலில் இருக்கு, பிறகு இல்லை. இன்னும் 4 பேர் மாற்றி. 40க்கு 32, ஆக 80 சதவீதம் ஒத்துப்போகிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும் 70 சதவீதம் பேர் ‘இருக்கு’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாலே 0.7 பெருக்கல் 0.7, கூட்டல் 0.3 பெருக்கல் 0.3, அதாவது 58 சதவீதம் தானாக ஒத்துப்போகும். அதைக் கழித்துப் பார்ப்பதுதான் கப்பா என்ற அளவு: 0.80 கழித்தல் 0.58, அதை வகுத்தல் 0.42 (1 கழித்தல் 0.58). விடை 0.52. நடுத்தரம்தான்.

இங்கே நிறுத்திவிட்டு ‘இவர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். பதில் மாற்றிய எட்டுப் பேரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். “கார்டுல பேரு இருக்கு, ஆனா கார்டு ஊர்ல அண்ணன்கிட்ட இருக்கு” என்று யாராவது சொல்லுவார். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்வி ஒளிந்திருந்தது. பிரித்துக் கேட்டால் கப்பா ஏறும்.

இந்தச் சோதனையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. விஐ-எஸ்பிடாட் என்ற கேள்வித்தாள் 2010களில் ஊர் ஊராகப் பரவியது. பதில்களுக்கு மதிப்பெண் போட்டு, யாருக்கு முதலில் வீடு என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்தினார்கள். 2018ல் வெளியான ஓர் ஆய்வு, அதே ஆளுக்கு மறுபடி கேட்டால் மதிப்பெண் போதிய அளவு ஒத்துப்போவதில்லை என்று காட்டியது. 2020 டிசம்பரில் அதை உருவாக்கிய நிறுவனமே படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. இடைப்பட்ட வருடங்களில் அந்த மதிப்பெண்ணை வைத்து யார் யாரோ வரிசையில் முன்னால் போயிருப்பார்கள், யார் யாரோ பின்னால் நின்றிருப்பார்கள்.

படி 6: படிவங்களை மோந்து பாருங்கள்

நான் வேலை பார்த்த ஒரு கணக்கெடுப்பில், ஒரு பையன் மட்டும் தினமும் சொன்ன எண்ணிக்கையை மாலைக்குள் முடித்துவிடுவான். மற்றவர்கள் பாதியில் திணறுவோம். பிறகு தெரிந்தது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான். அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வயதுகளைப் பாருங்கள். தன் பிறந்தநாள் தெரியாதவர் 35, 40, 45 என்று முழு எண்ணில்தான் வயது சொல்வார். இதை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது: 23 முதல் 62 வயதுக்குள் இருப்பவர்களில் 0, 5 என்று முடியும் வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, மொத்தத்தின் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 200 பேரில் 96 பேர் அப்படி என்றால் 240. சிக்கலே இல்லாத தரவில் 100 வரும், எல்லோருமே முழு எண் சொன்னால் 500. இங்கேதான் ஒரு வேடிக்கை. தெருவில் எடுத்த தரவில் 100க்குப் பக்கத்தில் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பாளருக்கும் தனித்தனியாகப் போட்டு, யாருடைய எண் கூட்டத்திலிருந்து விலகி நிற்கிறது என்று பாருங்கள். ஏறியிருந்தாலும் சரி, இறங்கியிருந்தாலும் சரி, அவர் போன தெருவுக்கு மறுநாள் நீங்கள் போக வேண்டும்.

ஒரு படிவத்துக்கு எத்தனை நிமிடம், ‘தெரியாது’ என்ற பதில் எத்தனை, இவற்றையும் ஆள்வாரியாகப் பாருங்கள். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். ‘படுத்திருந்தார், எழுப்பவில்லை’ என்று படிவத்தில் ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும் படிவக் கட்டு நள்ளிரவில் நிரப்பியதாக இருக்க வாய்ப்பில்லை.

படி 7: எதற்காக அந்த எண் என்று கேளுங்கள்

சரியான எண் தெரிந்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும் என்பதில்லை. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி, ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் வேண்டும். 2011ல் நகர்ப்புற இந்தியாவில் சுமார் 37.7 கோடிப் பேர். விதியை முழுக்க நிறைவேற்றினாலும் 3.77 லட்சம் படுக்கை. அதே வருடம் சென்சஸ் நகரங்களில் எண்ணியதே 9.38 லட்சம் பேர். இருக்கும் கணக்கில் எது மிகக் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்களோ, அதை வைத்தே படுக்கை தேவையில் பாதிகூட இல்லை என்று நிரூபிக்க முடிகிறது. இந்த வாதத்துக்குக் கப்பாவும் வேண்டாம், மாறுவேடமும் வேண்டாம். போன கணக்கைவிடக் கூடியதா குறைந்ததா என்று சொல்ல வேண்டுமென்றால்தான் மேலே சொன்ன ஆறு படியும் அவசியம். தில்லியின் அந்த ஐந்து எண்ணை ஒரு கோட்டில் வைத்து வரைபடம் போட்டால் அது எதையும் காட்டாது.

படி 8: எழுதும்போது

அடுத்த சென்சஸ் 2027 மார்ச் 1ஐ ஆதாரமாக வைத்து வருகிறது. எண் வந்ததும் அவசரமாக எழுதச் சொல்வார்கள். வாக்கியத்தை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “நகரில் 9,000 பேர் வீடற்றவர்கள்” என்று எழுதாதீர்கள். “குறிப்பிட்ட இரவில், திறந்தவெளியில் படுத்திருந்தவர்களில் கணக்கெடுப்பாளர்கள் கண்டது 9,000 பேர், காப்பகங்களில் இருந்தவர்கள் இதில் சேரவில்லை, இத்தனை பேரை எழுப்பவில்லை, இத்தனை பேர் பேச மறுத்தார்கள்” என்று எழுதுங்கள். பத்திரிகை ஆசிரியர் நீளம் என்று வெட்டுவார். ‘கண்டது’ என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டவேண்டாம் என்று சண்டை போடுங்கள்.